மதுரைப் பழைய நகரிலும் வைகைக் கரையிலும் வீடு வாங்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை நூறு வார்டுகள் கொண்ட மாநகராட்சி. அதை நடந்தே வாழக்கூடிய ஊர் என்று எப்படிச் சொல்ல முடியும்?

மாநகராட்சி முழுவதையும் அப்படிச் சொல்ல முடியாது. இங்கே பேசப்படுவது வெளி வீதிகளுக்கு உட்பட்ட பழைய நகரமும், ஆற்றைத் தாண்டினால் உடனே வரும் வடகரைப் பகுதிகளும்தான். மீனாட்சியம்மன் கோயிலை நடுவில் வைத்து, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று ஒன்றைச் சுற்றி ஒன்றாக வீதிகள் அமைந்திருப்பதால், எந்தச் சந்தில் குடியிருந்தாலும் கோயிலும் கடைவீதியும் ஏறக்குறைய ஒரே தொலைவில் இருக்கும். கோட்டைச் சுவர் 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் இடிக்கப்படும் வரை ஊர் அதற்குள்ளேயே அடங்கியிருந்தது என்பதே இந்த நெருக்கத்துக்குக் காரணம். தெற்கு வெளி வீதியிலிருந்து வடக்கு வெளி வீதிக்கு நடுத்தர வயதுக்காரர் ஒருவர் அரை மணிக்குள் நடந்துவிடுவார். மேற்கே ரயில் நிலையமும் பெரியார் பேருந்து நிலையமும், கிழக்கே விளக்குத்தூணும் கீழவாசலும், வடக்கே சிம்மக்கல்லும் ஆறும் இந்த நடைக்குள் அடங்கிவிடுகின்றன. தமிழ்நாட்டில் இத்தனை தேவைகள் இத்தனை சிறிய வட்டத்துக்குள் கிடைக்கும் நகரங்கள் குறைவு என்பதே என் கருத்து.

தென்கரை, வடகரை: எது நல்லது?

யார் குடியிருக்கப் போகிறார்கள் என்பதைப் பொறுத்தது. தென்கரையில் சிம்மக்கல், வடக்கு மாசி வீதி, மேல மாசி வீதி ஆகியவற்றை ஒட்டிய தெருக்களில் வண்டி இல்லாமலேயே வாழலாம். மளிகைக்குக் கீழ மாசி வீதி, துணிக்குத் தெற்கு மாசி வீதி, எதற்கும் நடைதான். மகால் பகுதித் தெருக்கள் குடும்பங்கள் நெருங்கி வாழும் இடம். அங்கே வீடு விற்பனைக்கு வந்தால் தரகர் காதுக்குப் போகும் முன்பே பக்கத்து வீட்டார் வாங்கிவிடுவதும் உண்டு. வடகரையில் கோரிப்பாளையம், ஷெனாய் நகர், தல்லாகுளம் ஆகியவை அரசு இராசாசி மருத்துவமனைக்கும் கலெக்டர் அலுவலகத்துக்கும் அருகில் உள்ளன. தெருக்கள் அகலமானவை, கார் நிறுத்த இடம் கிடைக்கும். ஏ.வி. பாலம் என்று எல்லோரும் சொல்லும் 1889-ஆம் ஆண்டின் ஆல்பர்ட் விக்டர் பாலத்தைக் கடந்தால் பழைய நகரம் வந்துவிடும். வயதான பெற்றோரும் மருத்துவமனைத் தேவையும் இருக்கும் குடும்பத்துக்கு வடகரையையும், கடைத்தொழில் அல்லது கோயிலோடு அன்றாடத் தொடர்பு உள்ளவர்களுக்குத் தென்கரையையும் நான் பரிந்துரைப்பேன்.

உடனே வாங்கலாமா, சில காலம் குடியிருந்து பார்க்கலாமா?

குடியிருந்து பாருங்கள். வெயில் காலம், ஐப்பசி மழை, சித்திரைத் திருவிழா ஆகிய மூன்றும் ஒரு முறையாவது கடந்து போகும் வரை அந்தத் தெருவில் இருந்தால்தான் அதன் உண்மை தெரியும். மதுரையில் இதற்கு வாடகையைத் தவிர ஒத்தி என்ற வழியும் உண்டு. வீட்டுக்காரரிடம் ஒரு பெருந்தொகையைக் கொடுத்துவிட்டு, ஒப்புக்கொண்ட காலம் வரை வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது முழுத் தொகையையும் திரும்பப் பெறுவதுதான் ஒத்தி. சேமிப்பைக் கரைக்காமல் குடியிருக்க முடிகிறது என்பதால் நடுத்தரக் குடும்பங்கள் இதை விரும்புகின்றன.

ஆனால் ஒத்தியில் பணம் போட்டவர்கள் ஏமாந்து நிற்பதும் இந்த ஊரில் அடிக்கடி நடக்கிறது. பெரும்பாலும் காரணம் ஒன்றே: வீடு ஏற்கெனவே வங்கிக் கடனில் இருக்கும். தவணை கட்டாததால் வங்கி வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவரும்போது, முத்திரைத்தாளில் எழுதி வைத்துக்கொண்ட ஒப்பந்தம் ஒத்திக்காரரைக் காப்பாற்றாது. அவர் வீட்டுக்காரர் மீது தனியாக வழக்குப் போட்டு அலைய வேண்டியதுதான். ஆகவே பணம் கொடுக்கும் முன் வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் முதலியவற்றைக் காட்டும் சான்று) எடுத்துப் பாருங்கள், அசல் பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள், ஒத்தியைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்வது சட்டப்படி கட்டாயம். பதிவுக்கு மறுக்கும் வீட்டுக்காரரிடம், அவர் எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும், பெருந்தொகையைக் கொடுக்காதீர்கள்.

ஆற்றங்கரையில் வாங்கினால் வெள்ளம் வருமா?

வைகையில் ஆண்டின் பெரும்பகுதி மணல்தான் தெரியும் என்பதால் பலர் இந்தக் கேள்வியை அலட்சியமாகக் கடந்துவிடுகிறார்கள். ஆண்டிபட்டி அருகே 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையின் முழு உயரம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கையும், 68.5 அடியில் இரண்டாவதும், 69 அடியில் மூன்றாவதும் கரையோர மக்களுக்கு அறிவிக்கப்படும். மேலே நீர் திறந்தால் மதுரைக்கு வந்து சேரும் வரை அவகாசம் இருப்பதால், ஆற்று வெள்ளத்தை ஓரளவு முன்கூட்டியே அறிந்துகொள்ள முடிகிறது.

என் கவலை ஆற்றைப் பற்றியதைவிட, ஆற்றில் வந்து சேரும் வாய்க்கால்களைப் பற்றியது. செல்லூர் கண்மாய் நிரம்பினால் மறுகால் (வழிந்து வெளியேறும்) தண்ணீர் பந்தல்குடி கால்வாய் வழியாகத்தான் வைகைக்கு வர வேண்டும். அந்தக் கால்வாய் குப்பையாலும் ஆக்கிரமிப்பாலும் குறுகிப் போயிருப்பதால், 2024 அக்டோபரில் பெய்த பெருமழையில் ஆற்றில் இடமிருந்தும் செல்லூர்ப் பகுதி வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. தெற்கே கிருதுமால் நதியின் கதையும் அப்படித்தான். ஒரு காலத்தில் பாசன ஆறாக இருந்தது இன்று நகருக்குள் சாக்கடையாக ஓடுகிறது, பலத்த மழையில் மட்டும் தான் ஓர் ஆறு என்பதை அதன் கரையில் இருப்பவர்களுக்கு உணர்த்திவிடுகிறது. எனவே வீட்டிலிருந்து ஆறு எத்தனை தொலைவு என்று அளப்பதோடு, அருகில் உள்ள கால்வாய் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதையும் நடந்து போய்ப் பார்த்துவிடுங்கள். வீட்டு வெளிச்சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள்: முழங்கால் உயரத்தில் ஒரே நேர்கோட்டில் பழுப்புக் கறை ஓடினாலோ, அந்த உயரம் வரை மட்டும் புதிதாகச் சிமெண்ட் பூசியிருந்தாலோ, தண்ணீர் எதுவரை நின்றது என்பதை அந்தச் சுவரே சொல்லிவிடுகிறது. தெருவில் உள்ள மற்ற வீடுகளின் வாசற்படிகள் எல்லாம் உயர்த்தப்பட்டு, நீங்கள் பார்க்கும் வீடு மட்டும் தாழ்ந்திருந்தால் அதுவும் ஒரு எச்சரிக்கை.

கண்மாய் இருந்த இடங்கள் மனைகளானதைப் பற்றி?

மதுரையைச் சுற்றிலும் அப்படிப்பட்ட இடங்கள் பல. ‘அ’ பதிவேட்டில் (ஒவ்வொரு புலத்தின் வகையையும் சொல்லும் வருவாய்த் துறைப் பதிவேடு) கண்மாய், ஊருணி, வாய்க்கால், புறம்போக்கு என்று வகைப்பாடு இருந்தால், எத்தனை கைமாறி வந்திருந்தாலும் விலகிவிடுங்கள். வகைப்பாடு சரியாக இருந்தாலும் பழைய நில வரைபடத்தில் அண்டைப் புலங்களைப் பாருங்கள். கண்மாயின் உள்வாயை (நீர் தேங்கும் உட்பகுதியை) ஒட்டிய பட்டா நிலத்திலும் மழைக்காலத்தில் நீர் நிற்கும்.

ஆற்றைப் பார்த்த வீடு வாழ இனிமையாக இருக்குமா?

நீர் ஓடும் நாட்களில் இருக்கும். கோடையில் கழிவுநீர்த் தேக்கமும் ஆகாயத்தாமரையும் கொசுவும் சேர்ந்து மாலையில் சன்னலைத் திறக்க விடாது. ஆற்றுக்கு நேர் முகமாக இருக்கும் வீட்டைவிட, இரண்டு தெரு தள்ளி உள்ளே இருக்கும் வீடே மேல். கரையோரச் சாலை வந்தபின் அங்கே வண்டி இரைச்சலும் கூடியிருக்கிறது.

குடிநீர் நிலைமை எப்படி?

மாநகராட்சிக் குழாயில் வருவது பெரும்பாலும் வைகை அணைத் தண்ணீர். அந்த அணைக்கு வரும் நீரில் பெரும்பங்கு முல்லைப் பெரியாற்றிலிருந்து 1895 முதல் சுரங்கம் வழியே வருவது. லோயர் கேம்பிலிருந்து குழாய் வழியாகவே கொண்டுவரும் முல்லைப் பெரியாறு குடிநீர்த் திட்டமும் மாநகருக்காக வகுக்கப்பட்டிருக்கிறது. வீடு பார்க்கப் போகும்போது தண்ணீர் வருமா என்று தரகரிடம் கேட்பதால் பயனில்லை. எத்தனை நாளுக்கு ஒரு முறை, எத்தனை மணிக்கு, மோட்டார் போடாமல் மேல் தொட்டிக்கு ஏறுமா என்று எதிர்வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். சரியான விடை அங்கேதான் கிடைக்கும். ஆழ்துளைக் கிணற்று நீரை வாயில் விட்டுப் பாருங்கள். மாரியம்மன் தெப்பக்குளத்துக்கு வைகை நீரைக் கொண்டுவந்து நிரப்பத் தொடங்கிய பிறகு அதைச் சுற்றியுள்ள தெருக்களில் நிலத்தடி நீர் மேம்பட்டது. குளத்தில் நீர் நிற்பதற்கும் நம் வீட்டுக் கிணறு ஊறுவதற்கும் உள்ள உறவை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

சந்துக்குள் இருக்கும் பழைய வீடுகளை வாங்கலாமா?

வாங்கலாம்; எனக்கு அவற்றின் மேல் தனிப் பற்று உண்டு. திண்ணை, நடு முற்றம், கனத்த சுவர், மேலே மட்டப்பா என்று கட்டப்பட்ட ஒரு வீடு சித்திரை மாத வெயிலைத் தாங்கும் விதத்தைப் புதிய கான்கிரீட் வீடுகளில் காண முடியாது. ஆனால் ஒன்று, ஒன்றரை சென்ட் இடத்தில் நெருக்கி நிற்கும் இந்த வீடுகளுக்கு (ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி) இரண்டு சிக்கல்கள் உண்டு.

முதலாவது பொதுச் சுவர். உங்கள் வீட்டுச் சுவர் என்று நீங்கள் நினைப்பதன் மேல் பக்கத்து வீட்டு உத்தரங்களும் ஏறி உட்கார்ந்திருக்கும். நீங்கள் இடித்துக் கட்ட நினைக்கும் அன்று அந்த வீட்டார் நீதிமன்றத்தில் தடை வாங்குவார்கள், அதில் நியாயமும் இருக்கும். மச்சில் ஏறி, கட்டை எந்தச் சுவரில் முடிகிறது என்று கொத்தனார் ஒருவரை வைத்துப் பார்த்துவிடுங்கள். பத்திரத்தில் அந்தச் சுவர் ‘பொது’ என்று எழுதப்பட்டிருக்கிறதா, ‘தனிச் சுவர்’ என்று எழுதப்பட்டிருக்கிறதா என்பதையும் வாசியுங்கள்.

இரண்டாவது சந்தின் அகலம். கார் வராது என்பதைப் பலர் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆம்புலன்ஸும் வராது என்பதை யோசிப்பதில்லை. தெருமுனையிலிருந்து வீட்டு வாசல் வரை ஒருவரைப் படுக்கையோடு தூக்கிவர முடியுமா, திருப்பங்களில் இடிக்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மணலும் கம்பியும் தலைச்சுமையாகத்தான் உள்ளே வரும் என்பதால் கட்டுமானச் செலவும் கூடும்.

எந்தெந்த ஆவணங்களைப் பார்க்க வேண்டும்?

தாய்ப்பத்திரத்திலிருந்து (சொத்தின் மூலப் பத்திரத்திலிருந்து) இன்றைய உரிமையாளர் வரை தொடர்ச்சி அறுபடாமல் வர வேண்டும். குறைந்தது 30 ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்று எடுங்கள். பழைய நகர வீடுகளுக்கு அதற்கும் பின்னோக்கிப் போவது நல்லது. பதிவு செய்யப்பட்டவை மட்டுமே அதில் தெரியும். பதிவு செய்யாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, நிலுவையில் இருக்கும் வழக்கு ஆகியவை பெரும்பாலும் அதில் வராது என்பதை நினைவில் வையுங்கள்.

பழைய பத்திரங்களில் கதவிலக்கமும் தெருவும் மாறியிருக்கும். நிலையாக இருப்பது சக்குபந்திதான். ‘இன்னார் வீட்டுக்கு மேற்கு, பொதுச் சந்துக்குத் தெற்கு’ என்று எழுதப்பட்டிருக்கும் நான்கு எல்லைகளையும் கையில் வைத்துக்கொண்டு, வீட்டைச் சுற்றி நின்று ஒவ்வொன்றாகப் பொருத்திப் பாருங்கள். பத்திரத்தில் சந்து என்று இருக்கும் இடத்தில் இன்று பக்கத்து வீட்டுக் கழிப்பறை நின்றால், அந்தச் சிக்கலையும் சேர்த்துத்தான் வாங்குகிறீர்கள். நகர நில அளவை ஆவணத்தில் வார்டு, பிளாக், டி.எஸ். எண் (நகர அளவை எண்) ஆகியவை பத்திரத்தோடு ஒத்துப்போகின்றனவா என்றும், அதில் உள்ள பரப்பும் டேப்பில் அளந்த பரப்பும் நெருங்குகின்றனவா என்றும் பாருங்கள்.

பூர்விகச் சொத்தாக இருந்தால் மகள்களின் பங்கை மறந்துவிடாதீர்கள். 1989 மார்ச் 25-க்கு முன் திருமணமாகாத மகள்களுக்குத் தமிழ்நாடு சட்டம் பங்கு கொடுத்தது. 2005-இல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் அதை விரித்தது. தந்தை 2005-க்கு முன்பே இறந்திருந்தாலும் மகளின் உரிமை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவாக்கியது. அக்கா தங்கச்சி எல்லாம் கல்யாணத்திலேயே வாங்கிக்கொண்டார்கள் என்று விற்பவர் சொல்வதற்கு மதிப்பில்லை. வாரிசுச் சான்றில் உள்ள ஒவ்வொருவரும் கையெழுத்திட வேண்டும், அல்லது தன் பங்கை விட்டுக்கொடுத்துப் பதிவு செய்யப்பட்ட விடுதலைப் பத்திரம் இருக்க வேண்டும். வழக்கறிஞருக்குக் கொடுக்கும் கட்டணத்தில் பேரம் பேசாதீர்கள். விற்பவரோ தரகரோ காட்டும் வழக்கறிஞரை வைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

‘கோயில் மனை’ என்கிறார்களே, அது என்ன?

பழைய நகரில் பல வீடுகளுக்கு மேல்கட்டடம் மட்டுமே குடியிருப்பவருக்குச் சொந்தம். அடிநிலம் கோயிலுக்கோ மடத்துக்கோ அறக்கட்டளைக்கோ உரியது. சிலர் தலைமுறை தலைமுறையாகத் தரை வாடகை கட்டி வருகிறார்கள். அந்த உரிமையை விலைக்கு வாங்கினால் நிலம் உங்களுக்கு வராது, வங்கிக் கடனும் கிடைப்பது அரிது. அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி இல்லாமல் அத்தகைய நிலத்தை விற்கவோ நீண்ட குத்தகைக்கு விடவோ முடியாது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவுப்படி சார்பதிவாளரும் பதிவை மறுப்பார். சந்தை விலையைவிட மிகக் குறைவாக, கோயிலுக்கு மிக அருகில் ஒரு வீடு வருகிறது என்றால் முதலில் இதைத்தான் விசாரிக்க வேண்டும்.

வாங்கிய பிறகு எத்தனை மாடி கட்டலாம்?

மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டடத்தின் உயரம் 9 மீட்டரைத் தாண்டக்கூடாது. பழைய நகரின் பெரும்பகுதி இந்த வட்டத்துக்குள் வந்துவிடும். தரைத்தளமும் இரண்டு மாடியும் என்பதற்கு மேல் கணக்குப் போடாதீர்கள். நீங்கள் வாங்கும் கட்டடம் ஏற்கெனவே அதைத் தாண்டி நின்றால், அனுமதி வரைபடம் இல்லாத மேல்தளத்துக்கு விலை கொடுக்காதீர்கள். இந்த விதிமீறல்கள் உயர் நீதிமன்ற மதுரை அமர்வுக்குப் பலமுறை போயிருக்கின்றன. இந்தக் கட்டுப்பாட்டைச் சிலர் தொல்லையாகக் கருதுகிறார்கள். மொட்டை மாடியில் நின்றால் கோபுரங்கள் தெரிவது இதனால்தான். நான் இதை முழு மனத்தோடு ஆதரிக்கிறேன்.

விலைக்கு மேல் என்ன செலவு ஆகும்?

முத்திரைத் தீர்வையும் சொத்து மாற்று வரியும் சேர்த்து 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக மொத்தம் 9 சதவீதம். 40 லட்சம் ரூபாய் வீட்டுக்கு இதுவே 3 லட்சத்து 60 ஆயிரம். 2025 ஏப்ரல் முதல் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைகிறது. ஆனால் அது 10 லட்சம் ரூபாய்க்குள் மதிப்புள்ள சொத்துக்கு மட்டுமே என்பதால் நகருக்குள் வாங்குவோருக்குப் பயன்படுவது அரிது. வழிகாட்டி மதிப்பு (பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் நில மதிப்பு) தெருவாரியாக மாறும். பதிவுத்துறை இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். விலை 50 லட்சத்தை எட்டினால் ஒரு சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்துக் கட்டும் பொறுப்பு வாங்குபவருடையது. பாதியை வெள்ளையாகவும் மீதியை ரொக்கமாகவும் கேட்பவர்களிடம் வாங்காதீர்கள். பிற்காலத்தில் நீங்கள் விற்கும்போது அந்தச் சுமை உங்கள் தலையில்தான் விழும்.

திருவிழாக் காலத்தில் குடியிருக்க முடியுமா?

சித்திரைத் தேரோட்டத்தன்று மாசி வீதிகளை ஒட்டிய தெருக்களில் வண்டி எடுக்க முடியாது. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வடகரையில் கோரிப்பாளையம், தல்லாகுளம், மதிச்சியம் பகுதிகளில் விடிய விடியக் கூட்டம் இருக்கும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் விளக்குத்தூண் பக்கம் நடப்பதே சிரமம். வீட்டில் பிரசவத்துக்கோ அறுவை சிகிச்சைக்கோ நாள் குறித்திருப்பவர்கள், அந்த நாட்களில் மருத்துவமனைக்கு அருகில் உள்ள உறவினர் வீட்டில் தங்கிவிடுவது நல்லது.

மெட்ரோ ரயில் வரும் என்று விலையை ஏற்றிச் சொல்கிறார்களே?

திருமங்கலம் முதல் ஒத்தக்கடை வரையிலான மெட்ரோ திட்ட அறிக்கையை 2025 நவம்பரில் ஒன்றிய அரசு திருப்பி அனுப்பியது. வராத ரயிலுக்கு இன்று விலை கொடுக்க வேண்டாம்.

நடைபாதைகள் முதியவர்களுக்கு ஏற்றவையா?

சித்திரை வீதிகளில் வண்டிகளுக்குத் தடை இருப்பதால், கல் பாவிய தரையில் அச்சமின்றி நடக்கலாம். மற்ற வீதிகளில் நடைபாதையைக் கடைகளும் இருசக்கர வண்டிகளும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. நடப்பவர்கள் சாலையில் இறங்கித்தான் போக வேண்டும். இந்த நகரத்தின் மிகப் பெரிய குறை இதுதான் என்று நினைக்கிறேன். தொலைவு குறைவாக இருந்தும், கால் தடுமாறும் வயதினர் ஆட்டோவைத் தேட வேண்டியிருக்கிறது. பெற்றோரை அழைத்துக்கொண்டு, அவர்கள் அன்றாடம் போகக்கூடிய கோயில், பால் கடை, மருந்துக் கடை வரை ஒரு மாலை நேரத்தில் நடந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நகர நெருக்கடி வேண்டாம், ஆனால் ஆறும் நடையும் வேண்டும் என்றால்?

சோழவந்தானைப் பாருங்கள். வைகைக் கரையில், தென்னையும் நெல்லும் வெற்றிலைக் கொடிக்காலும் சூழ்ந்த பேரூராட்சி. மதுரை–திண்டுக்கல் பாதையில் ரயில் நிலையம் உண்டு. கடைவீதி, சனகை மாரியம்மன் கோயில், ஆறு எல்லாம் நடை தூரத்தில். பெரிய மருத்துவத் தேவைகளுக்கு மட்டும் மதுரைக்கு வர வேண்டும். அங்கே வயல்களைப் பிரித்து விற்கும் மனைகளை வாங்குவதானால், நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகாரம் இருக்கிறதா என்பதைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பதிவு முடிந்த பின் செய்ய வேண்டியவை என்ன?

பட்டா மாறுதல், சொத்து வரிப் பெயர் மாற்றம், குடிநீர் மற்றும் பாதாளச் சாக்கடை இணைப்புப் பெயர் மாற்றம், மின் இணைப்புப் பெயர் மாற்றம் ஆகியவற்றை உடனே முடித்துவிடுங்கள். சொத்து வரி அரையாண்டுக்கு ஒரு முறை வருவது; பழைய பாக்கி இருந்தால் அது வீட்டின் மேல்தான் நிற்கும், விற்றவரைத் தேடிப் போகாது. ஆகவே கடைசி ரசீது வரை கையில் வாங்கிய பிறகே மீதித் தொகையைக் கொடுங்கள்.